ரசீது எங்கே, தம்பி?

கோலா கங்சாரில் அன்றைக்கு நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு விட்டபோது மண்டப வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், படிக்கட்டில், மஞ்சள் சட்டை போட்ட மூன்று பிள்ளைகள் நின்றார்கள். படிவம் ஐந்து படிக்கிறவர்கள். சட்டையின் முதுகில் 'தொண்டர்' என்று அச்சடித்திருந்தது. இரண்டு பேர் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை, அதில் கறுப்பு வெள்ளைக் கட்டம் கட்டமாகக் கியூஆர் குறி. மூன்றாமவனிடம் மட்டும் ஒரு பழைய மைலோ டின். மூடியில் கத்தியால் கீறிய வாய், சுற்றிலும் ஒட்டிய சிவப்புக் காகிதம். யாரோ ஒரு பெரியவர் பிடிவாதமாகக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

உள்ளே கீபோர்டுக்காரர் ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு தமிழ்ப்பள்ளியின் கட்டட நிதிக்காக இன்னிசை இரவு. சனங்கள் குடையை மடக்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். மூன்று பிள்ளைகளும் அட்டையையும் டின்னையும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றார்கள். அரை மணி நேரம் பார்த்தேன். ஒருவர்கூட வாய் திறந்து யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இந்த இதழின் ஆசிரியர் குழு எனக்குக் கொடுத்த தலைப்பு, 'இசை விழாக்களில் தொண்டு செய்யும் இளையோர்'. இளமை, இசை, சேவை மூன்றும் ஒரே வரியில் வந்தால் அட்டைப்படத்துக்கு ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் படிக்கட்டில் நின்ற பிறகு என் கவனம் முழுக்க அந்தக் கேட்காத வாயின் மேலேயே போய்விட்டது. இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கமாகத்தான் சாயும்.

முதலில் சீமைக் கதை. என் அக்கா மகள் இங்கிலாந்தில் படித்த காலத்தில், கோடை விடுமுறையில் ஒரு தொண்டு அமைப்பின் சார்பாக இசை விழாக்களுக்குப் போய்வந்தாள். அங்கே இது பல வருடமாக நடக்கிற ஏற்பாடு. சாமர்செட் மாவட்டத்துப் பில்டன் கிராமத்தில் மைக்கேல் ஈவிஸ் என்ற பால் பண்ணைக்காரர் 1970-இல் தன் மாட்டுக் கொல்லையிலேயே பாட்டுக் கச்சேரி வைத்தார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுன், பண்ணைப் பால் இலவசம். அதுதான் இன்று லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் கிளாஸ்டன்பரி விழா. (பால் என்றால் நம் வீட்டுக் கிழவிகளுக்கு ரப்பர் பால்தான் முதலில் நினைவுக்கு வரும். அதை யாரும் இலவசமாகக் கொடுத்ததில்லை.) 1993 முதல் ஆக்ஸ்பாம் அமைப்பு அங்கே தொண்டர்களை அனுப்புகிறது. எட்டு மணி நேர வேலை மூன்று முறை. மற்ற நேரத்தில் பாட்டு கேட்டுக்கொள்ளலாம். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை, முன்பணம் மட்டும் கட்டி வைக்க வேண்டும். வேலை செய்யாமல் நழுவினால் அது திரும்பி வராது.

வாசல் காப்பது, வழி காட்டுவது ஒரு வகைத் தொண்டு. அக்கா மகள் செய்தது இன்னொரு வகை, பிரச்சாரம்.

"மாமா, அங்க காசு கேக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கையெழுத்து வாங்கணும், அவ்வளவுதான். அகதிங்களுக்காக ஒரு மனு, பருவநிலைக்காக ஒரு மனு. பேரு, கையெழுத்து, ஈமெயில்."

"காசு கேக்கலன்னா லேசான வேலைதானே?"

"நீங்க வேற. காசு கேட்டா பையிலேர்ந்து எடுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க. கையெழுத்துன்னா நின்னு கேப்பாங்க, எதுக்கு, யாருக்குன்னு. நமக்குப் பதில் தெரியணும்."

முதல் நாள் நாற்பது பேரிடம் போய் நாலு கையெழுத்துத்தான் கிடைத்ததாம். "ஒரு நிமிஷம் இருக்கா?" என்று ஆரம்பித்தால் எல்லாரும் "இல்லை" என்றார்களாம். இரண்டாம் நாள் கூட வேலை செய்த ஒரு பாட்டி சூத்திரம் சொல்லிக்கொடுத்தார்: எந்தப் பாட்டைக் கேட்க வந்தாய் என்று முதலில் கேள், அவர்கள் பேசி முடிக்கட்டும், பிறகு மனுவை எடு. நிற்பதற்கு நல்ல இடம் கழிவறை வரிசை, அங்கே நிற்கிறவர் எங்கேயும் ஓட முடியாது. மழையும் சேறுமாக முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் முடிவில் அவளுடைய அட்டை நிறையக் கையெழுத்து. அந்தப் பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் என்றாள். பாட்டுக்காக வருகிறாரா, மனுவுக்காக வருகிறாரா என்று இவளுக்குக் கடைசி வரை புரியவில்லையாம்.

இதைக் கேட்டபோது எனக்குத் தோட்டத்துத் திருவிழா ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. கோலா கங்சார் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மேடை போட்டு, ஈப்போவிலிருந்து மெல்லிசைக் குழு வரும். பாட்டுக் கேட்க ஐந்து வெள்ளி. காசையும் பாட்டின் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாடுவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள்: இன்னார் மகன், இன்னார் பேரன், இத்தனாம் நம்பர் லயம், ஐந்து வெள்ளி. லயத்துக்கு லயம் போட்டி. அடுத்த வீட்டுக்காரன் பத்து வெள்ளிக்கு அதே பாட்டைத் திரும்பப் பாடச் சொல்வான். ஒரே காதல் பாட்டை மூன்று தடவை பாடி, பாடகருக்குத் தொண்டை கட்டிப்போன ராத்திரியும் உண்டு.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசையில் மண்ணெண்ணெய் விளக்கு, விளக்குக்குப் பின்னால் தோட்டத்துக் கிராணியார். அவர் முன்னால் ரசீதுப் புத்தகம். நீலக் கரித்தாளை இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து, பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவார். மேல் தாள் கொடுத்தவருக்கு, அடிக்கட்டை கோயிலுக்கு. காசு போட்டுவிட்டு ரசீது வாங்காமல் போனவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். மறுநாள் காலை பெரட்டில், பால் வாளிகளும் உளிகளுமாகச் சனம் நிற்கும்போதே, மொத்தக் கணக்கை வாசித்துவிடுவார். மேடைக்கு இவ்வளவு, குழுவுக்கு இவ்வளவு, ஜெனரேட்டருக்கு எண்ணெய் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. கணக்கு வாசிக்கும்போது கூட்டத்தில் ஒரு சத்தம் இருக்காது. ராத்திரி பாட்டுக்குக்கூட அவ்வளவு அமைதி இருந்ததில்லை.

பிள்ளைகளாகிய எங்களுக்கு டின் தூக்குகிற வேலை. வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டும். "அக்கா, கோயிலுக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் வீட்டு வாசலில் எனக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் காதுமடலில் சுடுகிறது. பத்தாவது வீட்டில் அது போய்விட்டது. திட்டு வாங்கியதும் உண்டு, மோர் குடித்ததும் உண்டு. எந்த வீட்டில் சம்பளம் போதவில்லை, எந்த வீட்டில் ஆள் படுத்திருக்கிறார், எங்கே புதுக் குழந்தை என்று அந்த ஒரு சுற்றில் தெரிந்துகொண்டது பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அதிகம்.

இந்தக் கேட்கும் வித்தையின் பெரிய வாத்தியார் கோலா கங்சாருக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். துன் வீ.தி. சம்பந்தன் 1919 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் பிறந்து, கோலா கங்சார் கிளிஃபர்டு பள்ளியில் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய் வந்தவர். அவர் அரசியல் வாசகர்களுக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது அவருடைய ரசீதுப் புத்தகம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. தோட்டத் துண்டாடல் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. வாங்கியவன் புது ஆளை வைப்பான். லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவன் சட்டி பானையோடு தெருவில் நிற்பான். மனுப் போடுவது ஒரு வழி. சம்பந்தன் வேறு வழி எடுத்தார்: தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்கிவிடுவது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நூறு வெள்ளிப் பங்கு, அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி என்பது அன்றைக்குப் பால்வெட்டு ஆளின் சில நாள் கூலி. அப்போது அவர் மத்திய மந்திரி. மந்திரி காரில் போய்த் தோட்டம் தோட்டமாக இறங்கி, சனங்களைக் கூட்டி வைத்து, பத்து வெள்ளி கொடு என்று கேட்டார்.

பெரட்டுக்களத்தில் நின்று கேட்கிற மந்திரியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எதிரே நிற்பவர்கள் வட்டிக்காரன், சாமான்கடைக்காரன், சீட்டுக்காரன் என்று சம்பள நாளில் வரிசையாக வரும் கைகளைப் பார்த்துப் பழகியவர்கள். இன்னொரு கை நீள்கிறது. ஏன் நம்ப வேண்டும்? கூட்டத்தில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும், இன்னொரு நாள் வந்து மறுபடியும் சொல்ல வேண்டும். அடுத்த வருடமே, 1961-இல், கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதற்குப் பிறகு கேட்பது கொஞ்சம் சுலபமாகியிருக்கும். காட்டுவதற்கு ஒரு தோட்டம் இருந்ததே. எங்கள் பக்கத்து லயத்துக் கிழவர் ஒருவர் தன் பங்குச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கற்பூரப் புகையில் பழுப்பேறிப் போயிருந்தது. அதைத் தொடக்கூடாது என்று பேரப்பிள்ளைகளுக்கு உத்தரவு.

சம்பந்தனுக்கு முன்னாலும் கேட்டவர்கள் உண்டு. நேதாஜிக்குப் போட்ட மாலையை மேடையிலேயே ஏலம் விட்டு இந்திய தேசிய ராணுவத்துக்கு நிதி திரட்டிய கதையையும், தோட்டத்துப் பெண்கள் தாலிக்கொடி தவிர மற்றதைக் கழற்றிக் கொடுத்த கதையையும் இந்த நாட்டில் ஏதாவது ஒரு பாட்டியிடம் கேட்காதவர் குறைவு. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறை நூலகத்துக்காக 'தமிழ் முரசு' நாளிதழின் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பணக்காரன் ஒருவன் ஆயிரம் கொடுப்பதைவிட ஆயிரம் பேர் ஒரு வெள்ளி கொடுத்தால் அது ஆயிரம் பேருடைய நூலகம் ஆகிவிடும். அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டுப் பக்கம் போனால் எம்.எஸ். சுப்புலட்சுமி. 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காகப் பாடியதில் தொடங்கி, கச்சேரிப் பணத்தைக் கணக்கில்லாத காரியங்களுக்குக் கொடுத்தவர். 1974-இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுச்சேவைப் பிரிவில் கிடைத்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் கதையில் கேட்பவரும் பாடுபவரும் ஒருவரே. அந்தக் குரலே கேட்டுவிடும். எம்.எஸ். இல்லாத கச்சேரிகளுக்குத்தான் டின் தூக்குகிறவன் வேண்டும்.

இசையால் நிதி என்றாலே எல்லாரும் சொல்கிற உதாரணம் 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க். வங்காளதேசத்து அகதிகளுக்காகச் சித்தார் மேதை ரவிசங்கர் கேட்டு, ஜார்ஜ் ஹாரிசன் ஏற்பாடு செய்த கச்சேரி, ஒரே நாளில் இரண்டு காட்சி. சித்தாருக்குச் சுருதி சேர்த்ததையே பாட்டு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது, ரவிசங்கர் அதற்குக் கிண்டலாக நன்றி சொன்னார் என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். பலரும் விட்டுவிடுகிற பகுதி பிறகு வருகிறது. சீட்டு விற்ற பணம் சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைவிடப் பெரிய தொகை, இசைத்தட்டும் படமும் விற்று வந்தது, வருடக்கணக்கில் வரித் தகராறில் முடங்கிக் கிடந்தது. தொண்டு நிகழ்ச்சி என்று முன்கூட்டியே முறைப்படி பதிந்து வைக்காததுதான் காரணம். உலகத்தின் பெரிய பாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் மேடையில் இருந்தார்கள், எங்கள் கிராணியாரைப் போல ஒருவர் மேசையில் இல்லை.

எனக்கும் ஒரு சூடு உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சங்கத்தின் நிதி இரவுக்கு நானும் தொண்டனாக ஓடினேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். சென்னையிலிருந்து பாடகர், விமானச் சீட்டு, ஹோட்டல், ஒலி, ஒளி, மேடையில் புகை விடுகிற இயந்திரம். மண்டபம் நிறைந்தது. பாராட்டுரைகள் மட்டும் ஒன்றரை மணி நேரம். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, யாருக்காகத் திரட்டினோமோ அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிஞ்சியது நானூற்றுச் சொச்சம் வெள்ளி. புகை இயந்திரத்தின் வாடகை அதைவிட அதிகம். அந்தக் கணக்கை யாரும் எங்கேயும் வாசிக்கவில்லை. நானும் எழுந்து கேட்கவில்லை. அடுத்த வாரம் சாப்பாட்டுக் கடையில் ஒரு பெரியவர், அன்றைக்கு வாசலில் என்னிடம் ஐம்பது வெள்ளி கொடுத்தவர், "என்ன தம்பி, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு சேந்துச்சு?" என்றார். தே தாரிக் தொண்டையில் இறங்கவில்லை.

மலேசியாவில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1947-இலேயே வந்துவிட்டது. போலீசிடம் உரிமம் வாங்க வேண்டும். ஆனால் உரிமத் தாள் காவல் நிலையத்துக்குப் பதில் சொல்லும். சாப்பாட்டுக் கடையில் கேட்பவருக்குப் பதில் சொல்வது அடிக்கட்டை மட்டும்தான்.

அதனால்தான் அந்தக் கியூஆர் அட்டையைப் பார்த்தால் எனக்கு ஒரு படபடப்பு. இன்னிசை இரவின் பொருளாளர், கணினி வேலை பார்க்கும் இளைஞர், என்னோடு வாதாடினார். டின் காசில் கை வைக்கலாம், வங்கிக் கணக்கில் முடியாது. ஒவ்வொரு சென்னும் பதிவாகும். பட்டியலை ஒரே நொடியில் எடுக்கலாம். உண்மைதான். பட்டியலை யாருக்கு வாசித்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். வங்கிக்குக் கணக்குத் தெரிகிறது. கொடுத்தவருக்கு, காசு போனது என்று கைப்பேசி ஒரு தடவை கிணுங்குவதோடு சரி. கேட்ட பையன் முகம் அவருக்கு நினைவிருக்காது. அவர் முகம் பையனுக்கும் இருக்காது, அவன்தான் கேட்கவே இல்லையே. அட்டை கேட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். தோட்டங்கள் செம்பனையாகி, சனங்கள் தாமான் வீடுகளுக்குக் கலைந்துபோன பிறகு, கதவைத் தட்டிப் பெயர் கேட்க நமக்கு மிஞ்சியிருந்த சாக்கு இந்த மாதிரிக் கச்சேரி வாசல்தான். அதிலும் ஒரு கம்பத்தில் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று அடுத்த வருடம் யாராவது சொல்வார்கள். அப்போது மஞ்சள் சட்டையும் மிச்சம்.

தைப்பூசத்தில் ஈப்போ வீதிகளில் பார்க்கிறேன். உறுமி மேளம் அடிக்கும் பையன்கள் விடிய விடிய அடிக்கிறார்கள், தண்ணீர்ப் பந்தலில் பிள்ளைகள் கை சலிக்காமல் மோர் ஊற்றுகிறார்கள், காலையில் குப்பை பொறுக்குகிறார்கள். உடல் உழைப்புக்கு நம் பிள்ளைகள் அஞ்சுவதில்லை. ஒரு ஆளை நிறுத்தி, கண்ணைப் பார்த்து, எதற்கு என்று சொல்லி, கொடுங்கள் என்று கேட்பதற்குத்தான் கூச்சப்படுகிறார்கள். அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி இடைவேளையில் மறுபடியும் வாசலுக்கு வந்தேன். மைலோ டின் வைத்திருந்த பையன் முன்னால் ஒரு பாட்டி நின்றார். வெள்ளைச் சேலை, தோளில் கைப்பை, கையில் நாலாக மடித்த பத்து வெள்ளி. டின்னுக்குள் போடவில்லை.

"ரசீது எங்கே, தம்பி?"

"ரசீது இல்ல பாட்டி. ஸ்கேன் பண்ணலாம்."

"எனக்கு அதெல்லாம் வேணாம். என் வீட்டுக்காரரு பேர்ல குடுக்கறேன். அவரு இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கல்லு சுமந்தவரு. எழுதிக் குடு."

பையன் என்னைப் பார்த்தான். நான் என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். தேதி, தொகை, எதற்காக என்று சொல்லச் சொல்ல, படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினான். பள்ளி முத்திரை வேண்டும் என்றார் பாட்டி. உள்ளே ஓடி, தலைமையாசிரியரைக் கண்டுபிடித்து, அலுவலக அறை திறந்து, முத்திரையோடு அவன் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. உள்ளே இரண்டு பாட்டு முடிந்துவிட்டது. பாட்டி அசையவில்லை. இதற்குள் வாசலில் இன்னும் நாலைந்து பேர், என்ன ஏது என்று கேட்டு, தங்களுக்கும் ஒரு தாள் வேண்டும் என்று நின்றுவிட்டார்கள்.

பாட்டி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவராம். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்தார். பாதியில் விரல் நின்றது.

"அவரு பேருக்கு ரெண்டு சுழி 'ன' தம்பி. நீ மூணு சுழி போட்டிருக்க."

அவன் அடித்துவிட்டு மேலே திருத்தப் போனான். அடித்தல் திருத்தல் கூடாது, வேறே தாளில் எழுது என்றார். நான் இன்னொரு தாளைக் கிழித்தேன். பையன் மறுபடியும் முத்திரைக்கு ஓடினான்.